மாராவில் மணி எட்டு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் காசிக்குப் போவார். கையில் கொஞ்சம் தாராளம் இருந்தால் ராமேஸ்வரத்தையும் சேர்த்துக்கொள்வார். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் முப்பத்துமூன்று வருடம் சூளை பார்த்த ஒருவர், பி.எஃப். பணம் வந்த கையோடு ஆப்பிரிக்காவுக்குப் போகப்போவதாகச் சொன்னபோது உறவுக்காரர்களுக்குப் புரியவில்லை.

"ஆப்பிரிக்காவுல எந்தக் கோயில்டா?" என்று கேட்டார் பெரியக்கா.

"கோயில் இல்லக்கா. காடு. பறவை, மிருகமெல்லாம் பாத்து போட்டோ எடுக்கறதுக்கு."

"ஏன், இங்க காக்கா குருவி இல்லியா? காசிக்காவது போய்ட்டு வாயேன்."

"விருத்தகாசியிலயே பொறந்தவனுக்குக் காசி எதுக்குக்கா?"

அக்காவால் பதில் பேச முடியவில்லை. மணிமுத்தாற்றங்கரையில் விருத்தகிரீஸ்வரர் இருக்கிற இந்த ஊர் காசியைவிட வீசம் அதிகம் என்று அவரே ஆயிரம் தடவை சொன்னவர்.

உண்மையில் கிண்டலுக்கு உரிய விஷயம் ஆப்பிரிக்கா அல்ல, மாடிதான். அந்தப் பணம் மாடி போடுவதற்காக வைத்திருந்தது. மொட்டை மாடியில் தூண் கம்பிகள் பதினாறு வருடமாக வானத்தைப் பார்த்து நிற்கின்றன. துருப்பிடித்த அந்தக் கம்பிகளில் ஒன்றில் தினமும் காலையில் ஒரு கரிச்சான் வந்து உட்காரும். "அதுக்காகத்தான் மாடி போடாம வச்சிருக்கீங்களா?" என்று அவர் மனைவி கேட்பதுண்டு. பாதி வேடிக்கை, பாதி கோபம்.

சூளைக்காரருக்குப் பறவைப் பித்து வந்த கதை தனி. விருத்தாசலத்துப் பீங்கான் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பொம்மையும் ஊறுகாய் ஜாடியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தத் தொழிற்பேட்டைக்கு ரொம்ப காலம் சோறு போட்டது வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கேரியரும், மின்கம்பியைத் தாங்கும் பீங்கான் கப்பும். இப்போது வீட்டுக்கு வீடு எம்.சி.பி. சுவிட்ச் வந்துவிட்டதால் ஃபியூஸ் கேரியர் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அது வேறு சோகம். தொண்ணூறுகளில் ஒருநாள், தன் சூளையில் வெந்த பீங்கான் ஏதாவது கம்பத்தில் தெரிகிறதா என்று சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். பீங்கானுக்குப் பக்கத்தில், கம்பிமேல், மங்கலான பழுப்பு நிறத்தில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இறக்கையை விரித்தது. உள்ளே அத்தனை நீலம்!

அது பனங்காடை. நிறம் பார்த்தே சூளையின் சூட்டைச் சொல்கிறவர் அவர். செக்கச்செவேல் என்றால் இவ்வளவு, ஆரஞ்சு என்றால் இவ்வளவு, மஞ்சள் வெளுத்து வெள்ளையானால் ஆயிரத்து இருநூறு டிகிரியைத் தாண்டிவிட்டது என்று கணக்கு. சூளையின் சின்ன ஓட்டை வழியாக உள்ளே வளைந்து சாயும் கோனைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். ஆனால் நெருப்பிலிருந்து எடுக்கிற எந்தக் கிளேஸிலும் அந்த நீலம் வந்ததில்லை. அதைத் தேடிக்கொண்டு அலைய ஆரம்பித்தவர் நிற்கவே இல்லை.

அலைவதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. திட்டக்குடி பக்கம் வெலிங்டன் ஏரி. காட்டுமன்னார்கோவில் பக்கம் வீராணம். கல்கி வந்தியத்தேவனைக் குதிரையோடு கொண்டுவந்து நிறுத்திய அதே ஏரிக்கரை. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி, 1999-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அங்கே வந்து இறங்குவதை அவர் முதன்முதலாகப் பார்த்த அன்று இரவு ஷிஃப்டுக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினார். வாங்கிய திட்டு வாத்துக்குத் தகும் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்.

தமிழில் பறவை பற்றிப் படிக்க என்ன கிடைக்கும் என்று தேடியபோது மா. கிருஷ்ணன் கையில் கிடைத்தார். நாவலாசிரியர் மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகைக்கு இயற்கை பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். அங்கங்கே கிடைத்த பாகங்களைத் தானே ஒன்றுசேர்த்து ஒரு கேமரா செய்துகொண்டு, யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். ஒட்டுப்போட்ட கேமராவில் அவரால் முடியுமென்றால் நம்மாலும் முடியாதா என்று சூளைக்காரர் செகண்ட் ஹேண்டில் ஒரு நிக்கான் பி900 வாங்கினார். லென்ஸ் மாற்ற வேண்டாம், எண்பத்துமூன்று மடங்கு ஜூம். பெரிய கேமராக்காரர்கள் கொஞ்சம் ஏளனமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். இரண்டு லட்ச ரூபாய் லென்ஸை வாங்கிவிட்டு அதன் தவணைக்காக ஓவர்டைம் பார்ப்பதைவிட இது மேல்.

கண்ணில் கோளாறு இருப்பது தெரிந்ததும் ஏரிக்கரையில்தான். வெலிங்டன் ஏரியில் பொங்கல் சமயம் பறவைக் கணக்கெடுப்பு. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன், "சார், ரைட்ல பாருங்க, சேத்துல உள்ளான் கூட்டம்" என்றான். அவர் திரும்பினார். வெறும் தண்ணீர். "இன்னும் கொஞ்சம் ரைட்ல சார்." முழுக்கத் திரும்பிய பிறகுதான் கூட்டம் கண்ணுக்குள் வந்தது. நாற்பது ஐம்பது பறவைகள், காலடியில் என்று சொல்லும் தூரத்தில்.

புதுச்சேரியில் கண் பரிசோதனை. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, அங்கங்கே மின்னும் புள்ளி தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். பறவை எண்ணுவது மாதிரிதான் என்று உற்சாகமாக உட்கார்ந்தார். வெளியே வந்த காகிதத்தில் வலக்கண் படம் பெரும்பாலும் கறுப்பாக இருந்தது, நடுவில் மட்டும் ஒரு வெளிச்சத் துளை. இடக்கண்ணில் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது. கிளாக்கோமா. வலி இருக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து ஓசைப்படாமல் தின்றுகொண்டு வரும். நாற்பது வயதுக்கு மேல் ஒருதடவையாவது கண்ணின் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்னும் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும்.

"போனது வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்தை ஒரு நாள்கூட விடக் கூடாது, ஒரே நேரத்துக்குப் போடணும்" என்றார் டாக்டர்.

மருந்து நேரம் இரவு எட்டு மணி என்று முடிவானது.

பேருந்தில் திரும்பும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. பண்ருட்டி தாண்டியதும் மனைவியே பேசினார். நைரோபியில் மகளும் மருமகனும் மூன்று வருடமாக இருக்கிறார்கள். வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். "மாடி அப்புறம் போட்டுக்கலாம். கம்பி எங்கயும் போவாது. போய்ட்டு வந்துருவோம்." அவர் மனைவி அதுவரை ஒரு பறவையையும் பெயர் சொல்லிப் பார்த்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவருக்கு வேலை பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது. யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, அன்னம். அச்சில் வார்த்து, காய்ந்து, வெந்து வருகிற மிருகங்களுக்குக் கண் திறக்கிறவர் அவர்.

பயணத்துக்கான ஏற்பாடுகளைக் கொஞ்சம் சொன்னால் போக நினைப்பவர்களுக்கு உதவும். கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசா கிடையாது. அதற்குப் பதிலாக ஆன்லைனில் பயண அனுமதி வாங்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த அட்டை இல்லாவிட்டால் சிக்கல் போகும்போது மட்டுமல்ல, திரும்பி வந்து நம் விமான நிலையத்தில் இறங்கும்போதும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டுவிட வேண்டும். மசாய் மாராவுக்குள் நுழைய வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை நூறு டாலர். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை இருநூறு. காரணம், லட்சக்கணக்கான காட்டுமாடுகள் ஆற்றைக் கடக்கிற சீசன் அப்போதுதான். சூளைக்காரர் பிப்ரவரியில் போனார். காட்டுமாட்டுக் கூட்டம் அப்போது தெற்கே செரங்கெட்டியில் இருக்கும். ஆனால் பறவை எங்கேயும் போவதில்லை. பாதிச் செலவு மிச்சம்.

முறுக்கும் அதிரசமும் கட்டிய பிளாஸ்டிக் பைகளை மகள் போனிலேயே தடுத்துவிட்டாள். கென்யாவில் 2017-லிருந்து பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை. மாட்டினால் அபராதம் பெரிது. முறுக்கு எவர்சில்வர் டப்பாவில் ஏறியது. கேமராவை வண்டி ஜன்னலில் ஆடாமல் வைக்க ஒரு பை வேண்டும் என்று அவர் சொன்னதும், மனைவி ஒரு பழைய பூப்போட்ட சேலையை நான்காக மடித்துத் தலையணை மாதிரி தைத்துக் கொடுத்தார். உள்ளே நிரப்ப மணல் தூக்கிக்கொண்டா போவது? நைரோபியில் கடையில் இரண்டு கிலோ சிவப்பு பீன்ஸ் வாங்கி நிரப்பிக்கொண்டார்கள். வெளிநாட்டுப் போட்டோக்காரர்கள் பீன் பேக் என்று நிறையக் காசு கொடுத்து வாங்குகிற பொருள் அதுதான்.

நைரோபியிலிருந்து மாராவுக்கு ஐந்தாறு மணி நேரப் பயணம். வழியில் பிளவுப் பள்ளத்தாக்கு, நரோக் என்கிற ஊர், அப்புறம் குலுக்கல். மாரா கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய ஐயாயிரம் அடி மேலே இருக்கிறது. விடியற்காலையில் குரங்குக் குல்லாய் இல்லாமல் உட்கார முடியாது. ஆப்பிரிக்கா என்றால் கொளுத்தும் என்று பருத்திச் சேலையோடு வந்த அம்மாவுக்கு முதல் நாளே மகளின் ஸ்வெட்டரைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

வண்டி ஓட்டியவர் உள்ளூர்க்காரர். கேலி தெரிந்த மனிதர். பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் வழக்கப்படி சூளைக்காரரை 'ம்ஸே' என்றார். அவர் மனைவியை 'மாமா' என்றார். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. "இன்னாங்க இது, என்னைப் போய் மாமாங்கறாரு" என்று அந்த அம்மா முதலில் முறைத்தார். மூன்று நாள் முடிவதற்குள் அந்த மாமாவுக்கு மறுமொழியே தனிக் குரலில் வந்தது. சுவாஹிலியில் பறவைக்கு 'ன்டேகே' என்று பெயர். விமானத்துக்கும் அதே சொல். மேலே சத்தம் கேட்டு எல்லோரும் அண்ணாந்தபோது ஓட்டுநர் "ன்டேகே" என்று ரொம்ப சீரியஸாகச் சொன்னது அன்றைய நகைச்சுவை. 'சஃபாரி' என்பதற்கும் சிங்கம் பார்ப்பது என்று பொருள் இல்லை. வெறும் பயணம்தான். திட்டக்குடிக்குப் பஸ்ஸில் போவதும் சஃபாரிதான்.

அவர் வலப்பக்க ஜன்னல் கேட்கவில்லை. இடப்பக்கம் உட்கார்ந்தார். வலப்பக்கம் மனைவி. யாரும் ஏற்பாடு செய்யவில்லை, தானாக அப்படி அமைந்தது. வழிகாட்டிகள் மிருகம் இருக்கும் திசையைக் கடிகார முள்ளை வைத்துச் சொல்வார்கள்: இரண்டு மணிப் பக்கம், பத்து மணிப் பக்கம் என்று. அந்த அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. சூரியன் எங்கே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். அப்புறம், "ஏங்க, அக்னி மூலையில ஏதோ அசையுது", "கன்னி மூலையில ஒத்தை மரம், அதும் மேல" என்று ஆரம்பித்துவிட்டார். அவர் அதைக் கடிகார மணிக்கு மாற்றி இங்கிலீஷில் சொல்ல, ஓட்டுநர் வண்டியைத் திருப்புவார். ஒரு புல்வெளி முழுக்க வாஸ்து பார்த்த மாதிரி இருந்தது.

அக்னி மூலையில் அசைந்தது செயலர் பறவை. நாரை மாதிரி உயரம், கழுகு முகம், தலைக்குப் பின்னால் காதில் பேனா செருகிய மாதிரி இறகுகள். நடந்துகொண்டே போய், பாம்பைக் கண்டால் காலால் உதைத்துக் கொல்லும். "பழைய தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா மாதிரியே நடக்குது" என்றார் அவர்.

கன்னி மூலை ஒற்றை மரத்தில் உட்கார்ந்திருந்ததுதான் அவர் வந்த காரியம். லைலாக் மார்புப் பனங்காடை. கென்யாவின் தேசியப் பறவை என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அரசு அறிவிப்பு ஒன்றும் இல்லை. நம் ஊர்ப் பனங்காடையின் ஒன்றுவிட்ட சகோதரி. இரண்டும் ஒரே பேரினம். நம்முடையது உட்கார்ந்தால் பழுப்பு, பறந்தால் நீலம் என்று ஒளித்து வைத்து விளையாடும். இது உட்கார்ந்திருக்கும்போதே எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது: கத்திரிப்பூ நிற மார்பு, பச்சை கலந்த தலை, வாலில் நீண்ட இரண்டு இழை. அவர் ஒரு படம்கூட எடுக்காமல் ஐந்து நிமிடம் பார்த்தார். கேமரா பீன்ஸ் மூட்டைமேல் சும்மா கிடந்தது. இடக்கண், வலக்கண் என்று மாற்றி மாற்றி மூடிப் பார்த்ததை மனைவி மட்டும் கவனித்தார்.

"எது நல்லாருக்கு, நம்முளுதா இதுவா?" என்று கேட்டார்.

"நம்முளுதுதான். அது கேட்டாத்தான் காட்டும்."

கென்யாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவையினங்கள் இருக்கின்றன. அவர் அதிகம் பரவசப்பட்டது புதியவற்றைப் பார்த்து அல்ல. ஒரு குட்டையில் நெடுங்கால் உள்ளான் நின்றது. இளஞ்சிவப்புக் குச்சிக்கால், வெலிங்டன் ஏரிச் சேற்றில் நிற்கும் அதே இனம், ஒரு இறகு மாறாமல். இன்னொரு இடத்தில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்று சிறகடித்தது; வீராணத்தில் அது அப்படித்தான் நிற்கும். எருமைக் கூட்டத்தின் காலடியில் உண்ணிக்கொக்கு. ஐயாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் நிற்கிற மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார்.

அந்த அம்மாவுக்கோ வேறு கவலை. ஒட்டகச்சிவிங்கியை முதலில் பக்கத்தில் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"ஏங்க, இதுக்குப் பொட்டு வட்டமா இல்லியே."

இருபத்திரண்டு வருடமாக அவர் தூரிகையால் வைத்தது பழுப்பு வட்டப் பொட்டு. மாராவில் இருக்கும் மசாய் ஒட்டகச்சிவிங்கியின் உடம்பிலோ ஓரம் கிழிந்த திராட்சை இலை மாதிரி திட்டுகள். ஏரி வற்றிக் களிமண் வெடித்த தரை மாதிரி என்றார் அவர். இல்லை, சூளை சூடு இறங்குவதற்குள் திறந்துவிட்டால் கிளேஸ் விரிசல் விடுமே, அந்த மாதிரி என்றார் அம்மா. மகளிடம் ஒரு நோட்டு வாங்கி, வண்டிக்குள்ளேயே பென்சிலால் வரைந்துகொண்டார். வரிக்குதிரையின் பிடரி மயிரிலும் உடம்புக் கோடு தொடர்வதை, யானைக் காது நம் யானையைவிட எவ்வளவு இறங்கி வருகிறது என்பதை, சிங்கத்தின் வால் நுனிக் குஞ்சம் கறுப்பு என்பதை, எல்லாவற்றையும். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்கூடத் தூங்கும். அவர்கள் பார்த்த சிங்கம் நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. "இப்படி ஒரு பொம்மை செஞ்சா எவன் வாங்குவான்?" என்று கேட்டுக்கொண்டே அதையும் வரைந்தார்.

கென்யாவுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். போனை அந்த ஊர் நேரத்துக்கு மகள் மாற்றிக்கொடுத்தாள். ஆனால் அந்த அம்மா தன் கைக்கடிகாரத்தைத் தொடவிடவில்லை. அது விருத்தாசலத்து நேரத்திலேயே ஓடியது. மருந்து அதன்படிதான். விருத்தாசலத்தில் இரவு எட்டு என்றால் மாராவில் மாலை ஐந்தரை. மிருகங்கள் எழுந்து நடமாட ஆரம்பிக்கிற, போட்டோவுக்கு மஞ்சள் வெயில் விழுகிற நேரம்.

இரண்டாம் நாள் மாலை. ஒரு புற்று மேட்டின்மேல் சிவிங்கிப்புலி உட்கார்ந்திருந்தது. சிறுத்தை என்று பலரும் சொல்வார்கள். சிறுத்தை வேறு. சிவிங்கிக்குக் கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்த தடம் மாதிரி ஒரு கறுப்புக் கோடு இருக்கும். இந்தியாவில் இந்த இனம் அற்றுப்போய்விட்டதாக 1952-ல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டார்கள். அந்தக் கோட்டைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருந்தார். பார்த்தார். ஏழெட்டுப் படம் எடுத்தார். ஏற்கெனவே நான்கு வண்டிகள் நின்றன, இவர்களுடையது ஐந்தாவது. ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, இருபத்தைந்து மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது மாராவின் விதி. ஆனால் வயர்லெஸ்ஸில் செய்தி பரவி, ஆறாவதும் ஏழாவதும் தூசி கிளப்பிக்கொண்டு வந்துவிட்டன.

"மணி எட்டு" என்றார் மனைவி.

"பத்து நிமிஷம் போவட்டும்."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

அவர் ஒன்றும் சொல்லாமல் தலையைப் பின்னால் சாய்த்தார். இரண்டு கண்ணிலும் சொட்டு விழுந்தது. போட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். மூடினார்.

மூடிய அந்த இரண்டு நிமிடத்தில்தான் புற்றுக்குப் பின்னாலிருந்து குட்டிகள் வந்தன. மூன்று. முதுகெல்லாம் சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று மயிர். "குட்டிங்க!" என்று மகள் கத்தப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் விரல் மூக்கோரத்தை விட்டு அசையவில்லை. மனைவி பீன்ஸ் மூட்டைமேல் இருந்த கேமராவின் பின்னால் குனிந்தார். அதுவரை அவர் அதைத் துடைத்ததோடு சரி. எந்தப் பட்டன் என்பது மட்டும் தெரியும். அழுத்தினார். இன்னும் இரண்டு தடவை அழுத்தினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். தாய் உட்காருவதும் எழுவதுமாக இருந்தது. ஒவ்வொரு இன்ஜின் சத்தத்துக்கும் தலையைத் திருப்பியது.

"பச்சைப் புள்ளைங்கள வச்சிக்கிட்டுத் தவிக்கிது. இத்தினி வண்டி எதுக்கு? நாம போயிடுவோம்னு சொல்லுங்க."

அவர் கண்ணைத் திறக்காமலே ஓட்டுநரிடம் சொன்னார். ஓட்டுநர் ஒரு கணம் யோசித்தார். பயணிகள் இன்னும் நெருங்கிப் போ என்றுதான் கேட்பார்கள். போய்விடலாம் என்பவர்கள் அபூர்வம். வண்டி நகர்ந்தது. அவர் கண்ணைத் திறந்தபோது புற்று வலப்பக்கம் பின்னால் போய்விட்டிருந்தது. அவருக்கு எதுவும் தெரியாத பக்கம். திரும்பிப் பார்ப்பதற்குள் புல் மறைத்துவிட்டது.

அந்த அம்மாவுக்குத் தெரிந்து சொன்னதில்லை. ஆனால் மாராவில் சிவிங்கிப்புலிகளைக் கவனித்துச் செய்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியாகியிருக்கிறது. சுற்றுலா வண்டிகள் குறைவான இடத்தில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் மொய்க்கிற இடத்தில் அது 0.2. வண்டி குட்டியைக் கொல்வதில்லை. தாயை வேட்டைக்குப் போகவிடாமல், குட்டியை ஒளித்து வைக்கவிடாமல் சுற்றி நிற்கிறது. அது போதும். நம் ஊரிலும் கூடு கட்டிய பறவையின் இடத்தை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, மறுநாள் இருபது கேமரா போய் நிற்கிற கதை நடக்கத்தான் செய்கிறது.

இரவு கேம்ப்பில், கேமராவின் சின்னத் திரையை இடக்கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு குட்டிகளைப் பார்த்தார். முதல் படம் ஆடியிருந்தது. மூன்றாவதில் வெறும் புல். நடுவில் உள்ள படத்தில் அடிவானம் வலப்பக்கம் சரிந்திருக்கிறது. கீழே கால்வாசி இடத்தை மங்கலாகச் சேலைப் பூ அடைத்துக்கொண்டிருக்கிறது. மேலே மூன்று குட்டிகளும் ஊசி மாதிரித் துல்லியம், மூன்றின் முகத்திலும் கண்ணீர்த் தடம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போக்கஸ் எப்படிப் போட்டே?" என்று கேட்டார். "போக்கஸ்ஸுன்னா இன்னா?" என்றார் அந்த அம்மா.

கடைசி நாள் நைரோபியில் மூட்டையைப் பிரித்து, பீன்ஸைக் கழுவி ஊறவைத்துச் சுண்டல் செய்துவிட்டார்கள். உறை மட்டும் ஊருக்குத் திரும்பியது.

விருத்தாசலத்தில் ஜங்ஷன் ரோடு ஸ்டுடியோவில் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போடக் கொடுத்தார். ஸ்டுடியோ தம்பி அக்கறையாக, "சார், கோணலா இருக்கு, நேராக்கிக் கீழ அந்தத் துணியைக் கட் பண்ணிடறேன்" என்றான். துணியைத் தொட்டால் காசு கிடையாது என்று சொல்லிவிட்டார். இப்போது அது ஹாலில், காலண்டருக்குப் பக்கத்தில் கோணலாகவே மாட்டியிருக்கிறது. பெரியக்கா வந்து பார்த்துவிட்டு, "பூனைக்குட்டி அழகா இருக்கே" என்றார்.

ஒட்டகச்சிவிங்கிக்கு இலைத் திட்டு வைத்து ஒரு டஜன் பொம்மை செய்து பார்த்தார் அம்மா. எடுக்க வந்த வியாபாரி புரட்டிப் பார்த்துவிட்டு, "வட்டப் பொட்டுதாம்மா போவும்" என்றார். அதனால் இப்போது இரண்டு மாதிரியும் செய்கிறார். கடைக்கு வட்டம். கேட்டு வருகிறவர்களுக்கு இலை. மல்லாந்து தூங்கும் சிங்கம் மட்டும் எதிர்பாராமல் நன்றாகப் போகிறது.

ஆறு மாதம் கழித்துப் புதுச்சேரியில் மறுபடி அந்த வெள்ளைக் கிண்ணம். பழைய காகிதத்தையும் புதிய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டாக்டர், மாற்றமில்லை என்றார். அடுத்த பரிசோதனை மறுபடி ஆறு மாதத்தில்.

பொங்கல் கணக்கெடுப்புக்கு இப்போது இரண்டு பேரும் போகிறார்கள். வலப்பக்கம் அம்மாவுடையது, இடப்பக்கம் அவருடையது. அம்மா மூலை சொல்ல, அவர் எண்ணிச் சொல்ல, கல்லூரிப் பையன் போனில் இபேர்ட் ஆப்பில் ஏற்றுகிறான். வீட்டில் தற்போதைய தகராறு பைனாகுலர் பற்றியது. தனக்கென்று ஒன்று வேண்டும் என்கிறார் அம்மா. கை ஆடாது, அகலமாகத் தெரியும், எட்டு மடங்கே போதும் என்கிறார் சூளைக்காரர். பத்துதான் வேண்டும் என்று நிற்கிறார் அம்மா. மாடிக் கம்பிமேல் உட்காரும் கரிச்சானின் வாய்க்கோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறதாம். எட்டில் அது சரியாகத் தெரியவில்லையாம்.